விட்ட கேட்சுக்குக் கை தட்டியவர்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுதினால் வரி கோணிக்கொண்டு போகும். முன்னால் சொல்ல வேண்டியது பின்னால் வரும். பாதி மறந்தும் போயிற்று. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் தாம்பரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் நடுவே மின்சார ரயில் ஓட்டினார். தாம்பரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எண்பதுகளின் கடைசி. வீட்டில் சின்னதாக ஒரு கறுப்பு வெள்ளை டிவி. டெஸ்ட் மேட்ச் நடக்கும் ஐந்து நாளும் டூட்டி இல்லாத நேரமெல்லாம் அதன் முன்னால்தான் இருப்பார். யார் எத்தனை ரன் அடித்தார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. ஃபீல்டிங்தான் பார்ப்பார். பந்து மட்டையின் ஓரத்தில் பட்டதுமே, “விடப் போறான் பாரு, கையைக் கட்டை மாதிரி வெச்சிருக்கான்” என்பார். அவர் சொன்ன மாதிரியே அவனும் விடுவான். நான் அடுப்படி வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பார்ப்பேன். மட்டைக்காரனுக்குப் பின்னால் வரிசையாகக் குனிந்து நிற்பவர்கள்தான் ஸ்லிப் என்பது வரை எனக்கும் தெரிந்துபோயிற்று.

பக்கத்து வீட்டுக்காரர் ரயிலில் கார்டு. இவர் முன் பெட்டியில் ஓட்டினால் அவர் கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடி பிடிப்பார். மேட்ச் என்றால் அவரும் வந்துவிடுவார். அப்படி ஒரு நாள், நம் ஆள் போட்ட பந்து வெளிநாட்டுக்காரன் மட்டையில் உரசி ஸ்லிப்புக்குப் பறந்தது. மைதானமே ஓவென்று கத்தியது. இவர் எழுந்து நின்று கை தட்டினார்.

“பிடிச்சுட்டான்யா!”

கார்டு இவரைத் திரும்பிப் பார்த்தார். “எதைப் பிடிச்சான்? பந்து கீழே கிடக்குது. விட்ட கேட்சுக்கு எதுக்குண்ணா இந்தத் தட்டு தட்டறீங்க?”

“டிவி கலங்குதுப்பா.”

“சிக்னலையும் இப்படித்தான் பாக்கறீங்களா? இப்பவே சொல்லிடுங்கண்ணா, நாளையிலேர்ந்து நான் பஸ்ல போறேன்.”

இருவரும் சிரித்தார்கள். என் கை முறத்திலேயே நின்றுவிட்டது. பந்து ஸ்லிப்பில் நின்றவன் விரலில் பட்டுப் புல்லில் விழுந்தது அடுப்படி வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அவரோ டிவிக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவரே டிவி ரிப்பேர்காரரைக் கூட்டிவந்தார். குற்றம் டிவியில் இருக்கட்டும் என்று நான் வேண்டாத சாமியில்லை. அந்த ஆள் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார், மறுபடி மாட்டினார்.

“சார், பொட்டிக்கு ஒண்ணும் இல்ல. படம் பளிச்சுனு கீது. அங்க ஆடுறவன் மீசை வரைக்கும் தெரியுது. இதுக்கு மேல இன்னா பண்ணச் சொல்ற?”

இவர் எந்த மீசை என்று கேட்கவில்லை. சரி என்று அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் எனக்குப் புரிய ஆரம்பித்தது. பேப்பரை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்தது, எதிரே வந்த கார்டு மனைவியை யாரோ என்று விட்டு நடந்தது, சட்டைப் பட்டனை ஓட்டை மாற்றிப் போட்டது. அவர் டூட்டிக்குக் கிளம்பினால் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று பார்ப்பேன். அவர் வண்டி போகும் வழியில் குரோம்பேட்டையில் பள்ளிக்கூடத்துப் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர் வர நேரமானால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பேன். யாரிடம் சொல்வது? ஆபீசர் முன்னால் நின்று பேசுகிறவளா நான்? அவரிடமே கேட்கலாம் என்றால், இருபது வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால், “போடி, உனக்கென்ன தெரியும்” என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்.

அடுத்த டெஸ்ட் வந்தது. அன்று கார்டுக்குக் காலை டூட்டி. இவருக்குச் சாயங்காலம்.

“தலை வலிக்குதுங்க, சத்தத்தைக் குறைக்கட்டுமா?” என்றேன். முணுமுணுத்துக்கொண்டே சரியென்றார். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, ஒரு நாளும் இல்லாத வழக்கமாக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு பந்து ஸ்லிப்புக்குப் பறந்தது. அங்கே நின்றவன் இடது பக்கம் விழுந்து தரைக்கு ஒரு சாண் மேலே இரண்டு கையாலும் பிடித்தான். நன்றாகப் பார்த்தேன்.

“அடடா, விட்டுட்டானே” என்றேன்.

“விடுவான், விடுவான்! கையைப் பாரு, கட்டை! பந்து வர்றப்ப கையைப் பின்னால வாங்கணும்டா. இவனையெல்லாம் ஸ்லிப்புல எவன் நிறுத்தினான்…”

திரையில் வெள்ளைச் சட்டைகளெல்லாம் ஓடிவந்து ஒன்றாகக் கூடின. அந்தக் கூட்டம் மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேச்சு பாதியில் நின்றது.

“பிடிச்சுட்டானா?”

“ம்.”

“அப்புறம் ஏன் விட்டுட்டான்னு சொன்னே?”

எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தேன்.

“வேணும்னுதானே சொன்னே?”

“ஆமாங்க.”

கத்துவார் என்று பயந்தேன். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். “சிக்னல் தெரியுது. பச்சை, சிவப்பு எல்லாம் தெரியுது. ஆள் குறுக்கே வந்தாத்தான் கிட்டப் போற வரைக்கும்…” என்று நிறுத்தினார். பிறகு, “உனக்கு எப்பத் தெரியும்?” என்றார்.

“கார்டு சிரிச்ச அன்னைக்கே.”

“அன்னைக்கேவா?” என்றார். எழுந்து யூனிஃபார்மை மாட்டினார்.

“போகாதீங்க” என்றேன். செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டார். வண்டி ஓட்டப் போகிறாரா, ஆபீசில் சொல்லப் போகிறாரா, தெரியவில்லை. இரண்டு மணி நேரம் வாசற்படியிலேயே உட்கார்ந்து போன வண்டி, வந்த வண்டி ஒவ்வொன்றின் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இருட்டுவதற்கு முன் வந்தார். “கண்ணு சரியில்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். இனி வண்டி ஓட்டக் கூடாது என்று மேஜை வேலை கொடுத்தார்கள். ரொம்ப நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த டிவி முன்னால் அவர் மறுபடி உட்காரவும் இல்லை. இப்போது அவரும் இல்லை.

அந்த நாட்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கார்டு சிரித்த மேட்சுக்கும் நான் பொய் சொன்ன மேட்சுக்கும் நடுவே அவர் தினமும் நாலு நடை போய்வந்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நடுவில் பத்து நாள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அது ஒரு மாதமா, இடையில் இன்னொரு டெஸ்ட்டே வந்துபோயிற்றா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. வந்த அணி எந்த நாடு என்பதும் நினைவில்லை. ஐப்பசி மழை விட்ட பிறகு என்று மட்டும் தெரியும். பழைய பேப்பர் பார்க்கத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சரியாகச் சொல்ல வேண்டும். நாள் அதிகமாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.