லென்ஸின் ஓரவஞ்சனை

கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற பின் படமெடுப்பதை முறையாகப் பயின்றேன். திருநகரில் எங்கள் உறவினர் வீடுகள் பலவற்றில் நான் எடுத்த படங்கள் தொங்குகின்றன. பெருமைக்காக இதைக் கூறவில்லை. ஒரே ஒரு படத்தால் எனக்கு நேர்ந்த சங்கடத்தின் அளவு விளங்க வேண்டும் என்பதற்காகக் கூறுகிறேன்.

மகளின் நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டு ஹாலிலேயே நடந்தது. அறுபது மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தேன். அதனுடன் வந்த ஜூம் லென்ஸை அகலக் கோணத்தின் எல்லைவரை திருப்பி, இரு வீட்டாரையும் ஒரே படத்துக்குள் அடக்கினேன். டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மாள் வரிசையின் கடைசியில் நின்றார். அவரை அங்கே யாரும் நிறுத்தவில்லை. தாம்பூலத் தட்டை உள்ளே வைத்துவிட்டு வந்தவர், இடம் இருந்த பக்கம் நின்றுகொண்டார், அவ்வளவுதான்.

படத்தில் நடுவிலிருந்த எங்கள் ஆட்கள் செதுக்கியதுபோலத் தெளிவாக இருந்தனர். ஓரத்திலிருந்த அவருடைய முகமோ பக்கவாட்டில் இழுபட்டு, தோள் அகன்று, போதாததற்கு மங்கியும் இருந்தது. படம் வாட்ஸ்அப் குழுவில் போன அன்று மாலையே அவருடைய குரல்பதிவு வந்தது.

“போட்டா நல்லாத்தான் இருக்கு. அவுக ஆளுக எல்லாம் சிலையாட்டம் இருக்காக. என்னைய மட்டும் ஓரத்துல தள்ளி நசுக்கி வச்சிருக்காக. பொண்ணு வீட்டுக் கேமராவுக்கும் ஓரவஞ்சனை தெரியுதப்பா!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எங்கள் பக்கத்தில் ஓரவஞ்சனை என்பது சிரிப்போடு கரைந்துவிடும் சொல் அல்ல. பந்தியிலோ சீரிலோ ஆள் பார்த்து நடக்கும் வீட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். திருமணத்துக்குப் பின் மகள் வாழப்போன வீட்டில், படம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அந்தச் சொல்லும் கூடவே எழுந்தது.

வளைகாப்பை எங்கள் வீட்டில் நடத்துவதென்று முடிவானபோது, மகள் தொலைபேசியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “அப்பா, இந்தத் தடவ வெளியாள வச்சு எடுத்துருவோமா? அத்த திரும்ப எதாச்சும் சொன்னாகன்னா, எனக்குத்தான்பா சங்கடம்.”

“அதெல்லாம் வேணாம். நானே எடுக்குறேன்” என்றேன். வேறொருவரை அழைத்தால், வஞ்சனை நடந்தது உண்மைதான் என்று நானே ஊரறியச் சொன்னதாகும்.

ஆகவே ஒரு வைட் ஆங்கிள் பிரைம் லென்ஸ் தேவைப்பட்டது. பிரைம் என்பது ஜூம் வசதியற்றது. ஒரே கோணத்துக்கென்று செய்யப்படுவதால் தெளிவு மிகுந்தது. அத்தனை மெகாபிக்சல் கொண்ட கேமரா, லென்ஸின் சிறு குறையையும் பெரிதாக்கிக் காட்டிவிடும். அதற்கு ஈடுகொடுக்கும் கண்ணாடி வேண்டும்.

மனைவியை அழைத்துக்கொண்டு டவுன் ஹால் ரோட்டிலுள்ள ஒரு கடைக்குச் சென்றேன். கடைக்காரர் இருபது, இருபத்துநான்கு, முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ்களை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் என் கேமராவில் பொருத்தி, மனைவியை நடுவில் ஒருமுறையும் ஓரத்தில் ஒருமுறையும் நிற்கச் செய்து படமெடுத்தேன்.

இருபது மில்லிமீட்டரில் எடுத்ததைத் திரையில் பார்த்தவள் திகைத்துப்போனாள். “ஏங்க, இது நானா? நடுவுல நின்னா மனுசியா இருக்கேன். ஓரத்துக்குப் போனா பூசணிக்காயா இருக்கேன்!” பிறகு கடைக்காரரிடம், “இன்னும் வெல கூடுனத எடுத்தா இது சரியாயிருமாண்ணே?” என்றாள்.

“மூலை வரைக்கும் ஷார்ப்பா விழுகும்மா, முடிய எண்ணிப்புடலாம். ஆனா இழுக்குறது இழுக்கத்தான் செய்யும்.”

நான் எதிர்பார்த்த பதில்தான். உருண்டையான தலையை அகன்ற கோணத்தில் தட்டையான பரப்பின்மேல் பிம்பமாக விழச்செய்தால், ஓரத்தில் அது நீள்வட்டமாகவே விழும். அது கண்ணாடியின் குறையன்று, வடிவியல். மங்கலைப் பணம் கொடுத்து நீக்கலாம். இழுவையைக் குறைக்க மட்டுமே இயலும். முப்பத்தைந்தில் இழுவை தெரியவேயில்லை. ஆனால் எங்கள் ஹாலில் வாசற்கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டாலும் எல்லோரும் அதில் அடங்கமாட்டார்கள். படத்தில் விடுபட்டவர்களின் பேச்சு, ஓரத்தில் நின்றவரின் பேச்சைவிடக் கடுமையாக இருக்கும். இருபத்துநான்கை வாங்கினேன்.

பேருந்தில் திரும்பும்போது லென்ஸ் பெட்டி மடியில் இருந்தது. மனத்தில் அமைதி இல்லை. எந்த லென்ஸை வாங்கினாலும் வரிசைக்கு இரண்டு ஓரங்கள் உண்டு. அங்கே யாரேனும் நின்றாக வேண்டும். நிற்பவர் யார் என்பதை எந்தக் கடையிலும் தேர்ந்தெடுத்துத் தரமாட்டார்கள்.

வளைகாப்பன்று மகளை நடுநாற்காலியில் அமர்த்தி, அவளருகில் சம்பந்தியம்மாளை அமரச் சொன்னேன். மற்றவர்கள் சுற்றிலும் நின்றனர். இடது ஓரத்தில் குத்துவிளக்கை வைத்தேன். வலது ஓரத்துக்கு மனைவியைப் பார்த்தேன். “கடையிலயே பாத்துட்டேன். ஆள விடுங்க” என்று அவள் இரண்டாம் வரிசையின் நடுவே புகுந்துகொண்டாள்.

கேமராவை முக்காலியில் பொருத்தி, கைபேசியிலிருந்தே இயக்கும்படி அமைத்துவிட்டு, வலது ஓரத்தில் நான் நின்றேன்.

சம்பந்தியம்மாள் திரும்பிப் பார்த்தார். “என்னண்ணே, வீட்டுக்குப் பெரியவுக நீங்க, அங்கிட்டுப் போயி ஓரத்துல நிக்கிறீக? இங்கிட்டு நடுவுல வாங்க.”

“கேமரா கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும் சம்பந்தி. அதான்.”

இயக்கும் கைபேசி என் கையிலேயே இருந்ததை அவர் கவனித்திருக்கலாம். மகளின் வளையல்களைச் சரிசெய்துவிட்டு நேராக அமர்ந்தார்.

படம் குறையின்றி வந்தது. மகளும் மாமியாரும் உள்ளபடியே இருந்தனர். கடைக்காரர் சொன்னதும் மெய்யாயிற்று: வலது மூலையில் என் கன்னம் கால் பங்கு அகன்றிருந்தது, காதோர நரைமுடியை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. பெரிதாக அச்சிட்டு டி. கல்லுப்பட்டிக்கு அனுப்பினேன்.

பிரசவத்துக்காக மகள் எங்களோடு இருந்தாள். குரல்பதிவு வந்தபோது அவளே என் கைபேசியை எடுத்து ஒலிக்கவிட்டாள்.

“அண்ணே, போட்டா அம்சமா இருக்கு, ஹால்ல மாட்டியாச்சு. ஆனா நீங்கதான் ஒரு சுத்துப் பெருத்துட்டீக. வாரவுக எல்லாம் அது யாரு பயில்வான்னு கேக்குறாக. காலையில கொஞ்சம் நடங்கண்ணே!”

அந்தக் குரலைக் கேட்டு மகள் வாய்விட்டுச் சிரித்தாள். நீள்வட்டத்தைப் பற்றி மறுமொழி ஒன்றைத் தட்டச்சு செய்யத் தொடங்கியிருந்த நான், அதை அழித்துவிட்டு, ‘சரி சம்பந்தி, நடக்கிறேன்’ என்று அனுப்பினேன்.