பாதியில் நின்ற ஒப்பாரி

நியூசிலாந்தின் ஓக்லாந்தில், சான்ட்ரிங்ஹாமிலிருந்த எங்கள் வாடகை வீட்டின் கார்பெட்டில் குளிர்காலம் முழுக்க நனைந்த நாயின் வாடை அடிக்கும். நாங்கள் ஒருநாளும் நாய் வளர்த்ததில்லை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அந்தக் கார்பெட்டின் மேல்தான், சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு, அம்மா பாயை விரித்தார். அம்மாவைத் தூக்கி வளர்த்த அக்கா, என் பெரியம்மா, யாழ்ப்பாணத்தில் இறந்துபோயிருந்தார். எங்கள் விசா இழுபட்டுக்கொண்டிருந்ததால் அம்மாவால் போக முடியவில்லை. அங்கே சிதை எரிந்து முடிந்த பிறகு இங்கே எங்கள் வீடு "செத்தவீடு" ஆனது.

அப்போது எனக்குப் பத்து வயது. சனிக்கிழமை வேலையில்லாத பெண்கள் சிலர் வந்தார்கள். ஊரில் என்றால் வாசலில் ஆளைக் கண்டதுமே உள்ளே இருப்பவர்கள் கட்டிப்பிடித்து, போனவரின் அருமை பெருமைகளைச் சொல்லி ராகமிழுத்து அழுவார்களாம். ஓய்ந்து மூக்கைச் சிந்துவதற்குள் அடுத்த ஆள் வர, மறுபடி முதலிலிருந்து தொடங்குமாம். நகரின் தெற்கே பாபடோயிட்டோயிலிருந்து வந்த மலர் மாமி அதில் கைதேர்ந்தவர். "அழுது தீர்க்காட்டி அது உள்ளுக்க குந்தியிருந்து ஆளைத் தின்னும்" என்றபடி அம்மாவைக் கட்டிப்பிடித்தார்.

"என்ர அக்காவே, என்னை இடுப்பில வைச்சுத் திரிஞ்சியே" என்று அம்மாவிடமிருந்து எழுந்த குரல் அதுவரை நான் கேட்டிராதது. பயத்தில் காதைப் பொத்திக்கொண்டேன். ஆனால் நாட்கணக்காகச் செத்துக்கிடந்த அம்மாவின் முகத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

யாரோ அயலவர், இங்கே ஒரு பெண்ணை அடிக்கிறார்கள் என்று நினைத்துப் பொலிசைக் கூப்பிட்டுவிட்டார். நல்லெண்ணம்தான். வந்த இருவரும் மிகவும் மரியாதையானவர்கள். ஒருவர் அப்பாவை வெளியே அழைத்துப்போக, மற்றவர், ஒரு பெண், அம்மாவை அறைக்குள் கூட்டிப்போய் யார் அடித்தது என்று கேட்டார். மொழிபெயர்த்தது நான்.

"ஒருத்தரும் அடிக்கேல்ல. அக்கா செத்துப்போனா எண்டு சொல்லு."

சொன்னேன். அந்தப் பெண் மெய்யாகவே வருந்தி, அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அப்பா ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். "காணும், போதும். மெதுவா அழுங்கோ. வீட்டுக்காரன் வீட்டை விட்டு எழும்பச் சொன்னா இந்தக் குளிருக்க எங்க போறது?" அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பாரியை எப்படி மெதுவாக வைப்பது? மலர் மாமி மறுபடி கட்டிப்பிடித்தார். அம்மா வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. எல்லோரும் தேத்தண்ணி குடித்துவிட்டு, செத்தவீட்டு வழக்கப்படி, சொல்லிக்கொள்ளாமலே போனார்கள்.

அதற்குப் பிறகு அம்மா அடுப்பை மூட்டாமலே சட்டியின் முன்னால் நின்றுகொண்டிருப்பார். டாக்டர் குளிசை கொடுத்தார். மனநல ஆலோசகர் எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்டபோது, "சுகமா இருக்கிறன் எண்டு சொல்லு" என்றார் என்னிடம். அதையும் மொழிபெயர்த்தேன். குளிசை நித்திரையைத் தந்தது. அம்மாவைத் திருப்பித் தரவில்லை.

இன்று மலர் மாமி உயிரோடு இல்லை. செத்தவீடுகள் வாடகை மண்டபத்தில், பூக்களோடும் படங்கள் ஓடும் திரையோடும், தாழ்ந்த குரலில் நடந்து முடிகின்றன. போன மாதம் அப்பாவுக்கும் அப்படித்தான் நடந்தது. அசையாமல் இருந்த அம்மாவைப் பார்த்து, "தைரியமான மனுசி" என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

இப்போது இருப்பது மோட்கேஜ் கடனில் வாங்கிய சொந்த வீடு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல். எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது. ஆட்கள் போன பிறகு அம்மாவின் அருகில் தரையில் இருந்துகொண்டு, "இனி அழுங்கோ அம்மா, ஒருத்தரும் வர மாட்டினம்" என்றேன்.

அம்மா வாயைத் திறந்து பார்த்தார். பிறகு, "எப்பிடியெண்டு மறந்துபோச்சு பிள்ளை. நீ தொடங்கு, நான் பின்னால வாறன்" என்றார்.

எனக்கு ஒரு வரியும் தெரியாது.