என் உயரத்துக்கு ஒரு தோள்

என் மகளின் கல்யாணம் நின்றுபோகும் என்று தெரிந்த அன்று, நான் என் கடையில் துணி வெட்டும் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் செய்வதற்காக அல்ல, சகோதரரே. ஒளிந்துகொள்வதற்காக. ஜெபம் அடியில் போனபிறகு தானாக வந்தது.

மேசைக்கு வெளியே பளபளக்கும் ஒரு ஜோடி தோல் சப்பாத்து தெரிந்தது. அது எனக்குச் சம்பந்தியாகப் போகிற சந்தியாகுவுடையது. பெக்கோக்குக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி அவர். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. யார் நிற்பது, யார் கப்பலேறுவது என்று துரைக்குச் சொல்கிறவர் அவர்தான். அவர் லேசாக இருமினால் ஆட்கள் குடியிருக்கும் லயம் முழுக்கக் காய்ச்சல் வரும்.

"சம்பந்தி, உங்க கால் தெரியுது" என்றார்.

"ஊசி விழுந்துருச்சுங்க."

"எடுத்துட்டு வெளிய வாங்க."

வந்தேன். ஊசி எடுத்தவன்போல் இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

"லயத்துல சவரி செத்துட்டான். சாயங்காலம் அடக்கமாம். தூம்பாவுக்கு நீங்களும் தோள் குடுக்கப் போறீங்களாமே? அவன் யாரு, எவன், என்ன சாதின்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கு நம்ம சனம் என்னைப் பாத்துச் சிரிக்காதா? நீங்க அதத் தொட்டீங்கன்னா, ஞாயித்துக்கிழமை சாமியார் வந்ததும் ஓலைய நிறுத்தச் சொல்லிடுவேன். அவ்வளவுதான்."

சப்பாத்து திரும்பிப் போய்விட்டது. தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கிற கல்யாண ஓலை, மகளுக்கு ஒருமுறை கோயிலில் வாசித்தாயிற்று. செகாமட்டிலிருந்து மாதம் ஒருதரம் ரயிலில் வந்து பூசை வைக்கிற சாமியார், அந்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்க வேண்டும். ஓலை நின்றால் கல்யாணம் நின்றது. நின்ற கல்யாணத்துப் பெண்ணை இந்த ஜொகூரில் யார் கேட்டு வருவார்கள்? பயத்தில் மறுபடி மிஷினில் உட்கார்ந்தேன். ஒரு கால்சட்டையைத் தைத்தேன். முடித்துத் தூக்கிப் பார்த்தால், கால் நுழைகிற வழியையே தைத்து மூடியிருக்கிறேன்.

நான் இந்தச் சகோதரர் சபையில் சேர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பக்தியால் என்று நினைத்தவர்கள் மன்னிக்க வேண்டும். சபைக்கு நீலப் பட்டை தைக்கும் வேலை எனக்கு வந்தது. ஒன்றை என் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். குட்டையானவன் கொஞ்சம் உயர்ந்ததுபோல் இருந்தது. தேவமாதா திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் முன்வரிசையில் போகலாம் என்று சேர்ந்துவிட்டேன். பிறகுதான் தலைவர் மரியதாஸ் அண்ணன் சபையின் முதல் கடமையைச் சொன்னார். சொந்தம் இல்லாமல் இறக்கிற எந்தக் கத்தோலிக்கனையும் சகோதரர்கள் தங்கள் தோளில் சுமந்து அடக்கம் செய்யவேண்டும். அதற்காகக் கோயிலில் ஒரு தூம்பா இருக்கிறது. பெட்டி வாங்க வழியில்லாதவர்களுக்கு ஊர்ப் பொதுவான சவப்பெட்டி அது. மூலைக்கு ஒன்றாக நான்கு கைப்பிடி. உயரமானவர்கள் பின்னால், குட்டையானவர்கள் முன்னால். பக்கத்துப் பக்கத்தில் வருகிற இரண்டு பேரும் ஒரே உயரம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தூம்பா சாயும். எனக்கு ஜோடி சோடாக்கடை மிக்கேல்.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். என் மனைவி அந்தோணியம்மாள் விஷயம் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆரம்பத்திலிருந்தே மாப்பிள்ளை அருளப்பனிடம் அவளுக்கு ஒரே குறைதான்.

"அந்தக் குட்டைப் பையன் வேணாம்னு அப்பவே சொன்னேன். பரண்ல இருந்து பானைய எடுக்க இந்த வீட்டுக்கு ஒரு ஆளாவது வேணாமா? இப்ப அவனும் இல்லேன்னு ஆகப்போவுது" என்று அழுதாள்.

"அப்ப நான் போகல. வயித்து வலின்னு சொல்லிடுறேன்" என்றேன். அதைச் சொன்னதும் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா!

என் மகள் ஜெபமாலை இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு ஊதினாள். என் நீலப் பட்டையை விரித்துத் தேய்த்தாள். தேய்த்து முடித்து என் தோளில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, நீங்க மேசைக்கு அடியில ஒளிஞ்சீங்கன்னு ஊரே பேசுது. அதுக்குமேல கல்யாணம் நடந்தா எனக்குத்தான் வெக்கம். போய்ட்டு வாங்க."

படியிறங்கினேன், பயத்தோடுதான். ஆனால் சகோதரரே, உள்ளே எங்கேயோ ஒரு கோபமும் கிளம்பியது. சவரி என் கடைக்கு வருகிறவன். கிழிந்த சட்டையை நீட்டி, "அண்ணே, இதையும் ஒரு சட்டையாக்குங்க" என்று சிரிப்பான். வருஷக்கணக்காகப் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவனை மண்ணுக்குக் கொண்டுபோக ஒரு கிராணியின் அனுமதி வேண்டுமா? அவனைத் தொட்டால் தீட்டு என்றால், அவன் வெட்டிய பாலில் வந்த சம்பளத்தில் வாங்கிய சப்பாத்து எப்படித் தீட்டில்லாமல் போயிற்று?

இதையெல்லாம் வழிநெடுக உரக்கச் சொல்லிக்கொண்டே போனேன். கேட்க ஆள் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் சொன்னேன்.

லயத்துக்குப் போனால் அங்கே மரியதாஸ் அண்ணனும் அவர் தம்பி லாசரும் மட்டும் நின்றார்கள். இருவரும் ரயில் பாதையில் வேலை செய்கிறவர்கள், பனைமரம்போல உயரம். சபையில் மற்றவர்கள் பெரும்பாலும் தோட்டத்து ஆட்கள். கிராணியின் சொல் அவர்களுக்கு முன்பே போய்விட்டது. மிக்கேலுக்குத் திடீர்க் காய்ச்சல் என்று செய்தி வந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. என் மேசைக்கு அடியில் இன்னொருவருக்கும் இடம் இருந்தது.

மரியதாஸ் அண்ணன் பின்னால் ஒருவராகவே இரண்டு கைப்பிடியையும் பிடித்தார். முன்னால் ஒரு பக்கம் லாசர், மறுபக்கம் நான். பத்து அடி போகவில்லை. தூம்பா என் பக்கம் சாய்ந்தது. உள்ளே சவரி உருண்டு 'டொம்' என்று பலகையில் மோதினான்.

"எழுந்துட்டான்! எழுந்துட்டான்!" என்று நான் கத்தினேன்.

ரயில் கேட்டருகே நின்ற மலாய்ப் போலீஸ்காரர், "அலமாக்!" என்று பின்வாங்கினார்.

"உயிரோட இருக்கிறவன் நீ ஒருத்தன்தான்டா இப்படிக் கத்துற. எறக்கு" என்றார் மரியதாஸ் அண்ணன்.

இறக்கினோம். பாதையின் இரு பக்கமும் தோட்டத்துச் சனம் நின்று பார்த்தது. ஒருவரும் வரவில்லை. எதிரே, ஸ்டேஷன் ஓரமாகக் குடையை விரித்துக்கொண்டு சந்தியாகு நின்றார். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிக பயம். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஓடினால் லாசர் இரண்டே எட்டில் பிடித்துவிடுவான் என்பதால் நின்றேன்.

அப்போது ஜெபித்தேன். கண்ணை மூடி, தூம்பாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தையற்காரன் ஜெபம் ஒன்று செய்தேன். "சேசுவே, தைரியம் வேண்டாம். கொடுத்தாலும் எனக்குப் பழக்கமில்லை. ஒரு தோள் தாரும். தரையிலிருந்து ஐம்பது அங்குலம். அரை அங்குலம் கூடினாலும் பாதகமில்லை. சவரியை இந்த ரோட்டில் போட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போகமாட்டேன். என் மகள் கல்யாணம் உம் பொறுப்பு."

கண்ணைத் திறந்தால் ஸ்டேஷன் படியிலிருந்து ஒருவன் இறங்கி வருகிறான். ரயில் போய்விட்டது, டிக்கெட் கொடுக்கும் கிராணி வேலை முடிந்து வருகிறான். எங்கள் மாப்பிள்ளை அருளப்பன். தகப்பனார் பக்கத்தில் வந்ததும் நின்றான்.

"எங்கடா போற?" என்றார் சந்தியாகு.

"அப்பா, இதக் கொஞ்சம் புடிங்க" என்று ரயில்வே தொப்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான். கொடுத்ததை அனிச்சையாக வாங்கிக்கொண்டார் மனிதர். ஒரு கையில் குடை, ஒரு கையில் தொப்பி. மகனைத் தடுக்க மூன்றாவது கை இல்லை.

"டேய், அதத் தொட்டுட்டு என் வீட்டுக்குள்ள வராத!"

"சரிப்பா. மாமா வீட்டுல சாப்பிட்டுக்குறேன்" என்றான் அவன். பிறகு என்னிடம், "மாமா, நீங்க இடது பக்கம் போங்க. லாசர் அண்ணன் பின்னால போகட்டும்" என்றான்.

தூக்கினோம். சகோதரரே, தூம்பா தண்ணீர்மட்டம் பார்த்ததுபோல் இரு பக்கமும் சரியாக நின்றது. கல்லறைவரை சவரி ஒருமுறைகூட உருளவில்லை. நான் அழுதுகொண்டே போனேன். பாதிவழியில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்ப முடியாது, தோளில் பாரம். பிறகு தெரிந்தது, ரோட்டோரம் நின்ற தோட்டத்துச் சனம் ஒவ்வொருவராகப் பின்னால் வந்துகொண்டிருந்தது. கப்பலேற்றினால் ஏற்றட்டும் என்று வந்தார்கள். எல்லோரையும் ஏற்றிவிட்டால் மரம் வெட்டுவது யார்? கிராணியும் அதைக் கணக்குப் போட்டிருப்பார்.

அந்த ஞாயிறு சாமியார் இரண்டாம் ஓலை வாசித்தார். தடை சொல்ல யாரும் எழவில்லை. சந்தியாகு கடைசி வரிசையில் மகனுடைய ரயில்வே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகன் அதைத் திரும்ப வாங்க வீட்டுக்குப் போகவில்லை. பூசை முடிந்து அவரே கொண்டுவந்து அவன் தலையில் வைத்தார். "வீட்டுக்கு வா" என்றார். இன்றும் அவர் தூம்பா தொடுவதில்லை. ஆனால் அது தெருவில் போகும்போது குடையை மடக்குகிறார். அதற்கும் தோத்திரம்.

என் மனைவி இப்போது மருமகனைக் குட்டை என்று சொல்வதில்லை. பானையைப் பரணிலிருந்து இறக்கித் தரையிலேயே வைத்துவிட்டாள். நானும் மாறிவிட்டேன். பயம் போயிற்றா என்று கேட்காதீர்கள், அது என்னோடு மிஷினில் உட்காருகிறது. ஆனால் எவன் வீட்டு இழவானாலும், எவர் முறைத்தாலும், தூம்பாவின் இடது முன்பக்கம் என்னுடையது. முடிந்தால் தடுத்துப் பாருங்கள்.

சகோதரரே, பயந்தவர்களே, மேசைக்கு அடியில் இருக்கிறவர்களே, வந்து சேருங்கள். சர்வேசுரனிடம் கூச்சப்படாமல் அளவு சொல்லிக் கேளுங்கள். கல்யாணக் கோட்டுக்கு மாப்பிள்ளையை அளந்தபோது, கோட்டுக்குத் தேவையே இல்லாத ஓர் அளவையும் எடுத்தேன். தரையிலிருந்து தோள்வரை.

ஐம்பதரை அங்குலம்.