நிமிஷத்துக்கு நூற்றிருபத்தெட்டு

சனிக்கிழமை இரண்டு பத்து பஸ் திருக்கழுகுன்றம் தாண்டுவதற்குள் அன்பரசி மூன்று பாட்டுகளை முடித்திருப்பார். ஜன்னலோர சீட்டு, இடது காதில் மட்டும் இயர்போன், வலது கையின் இரண்டு விரல்கள் இடது மணிக்கட்டு நாடியில். கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசையாமல் எண்ணிக்கொண்டே வருவார். பக்கத்தில் உட்காருபவர் புதியவராக இருந்தால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். ஒருமுறை ஒரு அம்மாள் கண்டக்டரிடம் சொல்லி பஸ்ஸையே ஓரங்கட்ட வைத்துவிட்டார். "எனக்கு ஒண்ணுமில்லக்கா. பாட்டுக்குத்தான் கொஞ்சம் படபடப்பா கீது" என்று சொல்லிச் சமாளித்தாராம்.

நாற்பத்தாறு வயது. செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஈசிஜி எடுப்பவர். காலை எட்டிலிருந்து ஒன்றரை வரை மனிதர்களின் நெஞ்சிலும் கைகால்களிலும் பத்து வயரை ஒட்டி, காகிதத்தில் இதயம் கிறுக்குவதைப் பார்ப்பது வேலை. சனிக்கிழமை மட்டும் அங்கிருந்து நேராக பஸ் ஏறி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரச் சாலையில் இருக்கும் ஒரு கல்லூரியின் சமுதாய வானொலிக்குப் போவார். நான்கு மணிக்கு அவருடைய நிகழ்ச்சி. பெயர் 'புதுத் துடிப்பு'. உலகத்தின் எந்த மூலையிலாவது அந்த மாதம் பிறந்த எலக்ட்ரானிக் நடனப் பாட்டுகள் மட்டும், ஒரு மணி நேரம். போன பொங்கலுக்கு வந்த பாட்டை யாராவது கேட்டால், "அது பழசாச்சே" என்பார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வானொலிக்கு அவர் போனது இதய நலம் பற்றிப் பேசத்தான். இருபது நிமிஷப் பேச்சு பதினொரு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. மீதி நேரத்துக்குப் போட, எவனோ ஒரு மாணவன் கம்ப்யூட்டரில் விட்டுப் போயிருந்த ஒரு பாட்டைத் தவிர வேறொன்றும் கைக்கு அகப்படவில்லை. டும் டும் என்று அது ஓட, அன்பரசியின் விரல் தானாக மணிக்கட்டுக்குப் போயிற்று. முடிந்ததும் மைக்கில் சொன்னார்: "நூத்தி இருபத்தெட்டு. இது மன்ஷனுக்கு இருந்தா உடனே அட்மிட்டு. பாட்டுக்கு இருக்கறதால ஆட்டம்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள்.

இந்த இசையின் வகைகளுக்கு அவரிடம் சொந்தப் பெயர்கள் உண்டு. ஹவுஸ் என்பது 'வூட்டுப் பாட்டு'. டெக்னோ, 'ஃபேக்டரி'. டிரான்ஸ் வந்தால் 'மயக்க கேசு'. பாட்டு படிப்படியாக மேலே ஏறுவதற்கு 'ஏத்தம்' என்றும், ஏறி நின்று ஒரு கணம் மூச்சடக்கி அப்படியே வந்து விழுவதற்கு 'அடி' என்றும் பெயர். நிகழ்ச்சியில் சுத்தத் தமிழில்தான் ஆரம்பிப்பார். "அன்பார்ந்த நேயர்களே" என்று நாலு வாக்கியம் தாக்குப்பிடிக்கும். ஏத்தம் வந்ததும், "இரு இரு, இப்ப வுழும் பாரு" என்று இலக்கணம் கழன்றுவிடும்.

பாட்டுகளை அனுப்புகிறவர்கள் போலந்திலும் கென்யாவிலும் இந்தோனேசியாவிலும் தங்கள் அறைக்குள் உட்கார்ந்து இசையமைக்கும் இளவட்டங்கள். ஒலிபரப்ப அனுமதி கேட்டு அன்பரசி எழுதும் ஆங்கிலக் கடிதங்கள் ஈசிஜி ரிப்போர்ட் மாதிரியே இருக்கும். மதிப்புக்குரிய ஐயா, தங்கள் பாட்டு நல்ல நிலையில் கிடைத்தது, துடிப்பு நூற்று இருபத்தாறு, சீராக உள்ளது, மூன்றாவது நிமிஷத்தில் ஒரு துடிப்பு கூடுதலாக விழுகிறது, கவனிக்கவும். போலந்துக்காரப் பையன் ஒருவன் அதைப் படித்துவிட்டுத் தேடிப் பார்த்திருக்கிறான். நிஜமாகவே ஒன்று கூடுதல். அன்றிலிருந்து அவன் எந்தப் பாட்டு செய்தாலும் முதலில் செங்கல்பட்டுக்கு அனுப்பிப் பரிசோதித்துவிட்டுத்தான் வெளியிடுகிறான்.

வீட்டில் இந்தப் புகழ் செல்லாது. கணவர் ஜான்சன் வேன் ஓட்டுகிறவர். அவர் காதுக்குப் பாட்டென்றால் யாராவது பாட வேண்டும். மனைவி சமையலறையில் புதுப்பாட்டு கேட்கும்போது எட்டிப் பார்த்து, "பாட்றவன் இன்னும் வர்லியா?" என்று கேட்பார். ஆறு வருஷமாக அதே கேள்வி, அதே முகபாவம். நிகழ்ச்சியை அவர் கேட்டதே இல்லை. கேட்கவும் முடியாது. அந்த வானொலி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குத்தான் எட்டும். செங்கல்பட்டுக்கு வராது. தெருவில், சென்டரில், சர்ச்சில் அன்பரசிக்குத் தெரிந்த யாருக்குமே அது கேட்காது. கேட்கிற ஊர்களில் அவருக்கு ஒருவரையும் தெரியாது.

இந்த விஷயம்தான் போன வருஷம் வினையாக வந்தது.

வானொலிக்குப் புதிய பொறுப்பாளராகத் தீனதயாளன் வந்தார். ரயில்வேயில் முப்பத்துமூன்று வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். மென்மையான மனிதர், கடிகாரம் விஷயத்தில் மட்டும் இரக்கமில்லாதவர். ஐந்து மணிக்கு மீனவர்களுக்கான கடல் நிலவரம். காற்று எவ்வளவு, அலை எவ்வளவு என்று கரையில் காத்திருப்பார்கள். அது ஒரு வினாடி பிந்தக்கூடாது என்று, கம்ப்யூட்டரே ஐந்து அடித்ததும் மாற்றிவிடும்படி ஏற்பாடு செய்தார். அதை அன்பரசியும் தப்பு சொல்லவில்லை.

தீனதயாளன் அடுத்துத் திறந்தது 'நேயர் கருத்து' நோட்டு. சமையல் நிகழ்ச்சிக்கு ஆறு பக்கம், வயல் நிகழ்ச்சிக்கு ஒன்பது பக்கம். புதுத் துடிப்புக்குத் தலைப்பு மட்டும் அழகான எழுத்தில் இருந்தது. கீழே வெள்ளை. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடும்போது, உள்ளூரில் ஒருவராவது இதைக் கேட்கிறார் என்பதற்கு ஏதாவது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரத்தை வேறு நிகழ்ச்சிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று வருத்தத்தோடுதான் சொன்னார்.

சென்டரில் ரத்தம் எடுக்கும் கீர்த்தனா, இதெல்லாம் ஒரு விஷயமா, நாங்கள் பத்துப் பேர் நேயர்கள் மாதிரி போன் பண்ணிப் பேசுகிறோம் என்றாள். அன்பரசி ஒத்துக்கொள்ளவில்லை. "ஆளே படுக்காம ஈசிஜி எடுக்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். ஆனால் அன்று மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனதாகக் கீர்த்தனா சொல்கிறாள். யாருமே கேட்காமல் ஐந்து வருஷம் ஒரு அறைக்குள் பேசிக்கொண்டிருந்தோமோ என்ற நினைப்பு அவரைப் பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை காலை வானொலிக்கு ஒரு தொலைபேசி வந்தது. தீனதயாளன்தான் எடுத்தார். புதுத் துடிப்பு பக்கத்தின் முதல் பதிவு அவர் கையாலேயே விழுந்தது: 'புதுப்பட்டினம் மார்க்கெட் எதிரில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் பெண்மணி. சனிக்கிழமை நிகழ்ச்சியால் சட்டை ஒன்று கருகிவிட்டதாகப் புகார். பெயர் கூற விரும்பவில்லை.'

ஒரே ஒரு கருத்து, அதுவும் இப்படி வந்திருக்கிறதே என்று அவர் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்பரசி ஒன்றே ஒன்றுதான் கேட்டார், எந்தப் பாட்டில் கருகியதாம் என்று. அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை வேலை முடிந்ததும் அன்பரசி புதுப்பட்டினத்தில் போய் இறங்கினார். தள்ளுவண்டி, கரிப்பெட்டி, வண்டியின் தூணில் சணலால் கட்டிய சின்ன ரேடியோ. அணுசக்தி ஊழியர் குடியிருப்பிலிருந்து வந்த துணிகள் மூட்டை மூட்டையாக இருந்தன. ஐம்பதைத் தொட்ட ஒரு பெண் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அன்பரசி தான் யார் என்று சொல்லிவிட்டு, மன்னிப்பு கேட்க வந்ததாகச் சொல்லி, அவர் பெயரைக் கேட்டார்.

"வேண்டா."

"சரிக்கா, சொல்லாட்டி பரவால்ல."

"அதான் சொன்னேனே. வேண்டா. நாலாவது பொட்டையா பொறந்தேன், அப்பிடி வச்சிட்டாங்க. அந்த ஆபீஸ் அண்ணாத்தையும் இதே மாதிரிதான், போனை வச்சுட்டாரு."

வேண்டா பெட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, வண்டிக்கு அடியிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்துப் போட்டார். முதுகில், நடுவாந்திரத்தில், இஸ்திரிப் பெட்டியின் முழு உருவம் பழுப்பாகப் பதிந்திருந்தது. அன்பரசி அதைத் தடவிப் பார்த்தார். யாருடைய சட்டை என்று கேட்டார். வேண்டாவின் தம்பி குமாருடையதாம். அவன் கிடக்கிறான், அது பேச்சில்லை என்று கையை வீசித் தள்ளினார் வேண்டா. அவருடைய புகார் வேறு.

"கடைசியா ஒரு பாட்டு போட்டியே. ஏத்திக்கினே போற, ஏத்திக்கினே போற. நானும் பொட்டியை அமுக்கிப் புடிச்சிக்கினு நிக்கறேன், இப்ப வுழும், இப்ப வுழும்னு. படக்குனு எவனோ வந்து காத்து இத்தினி கிலோமீட்டருன்றான். மீதி எங்க?"

போலந்துக்காரனின் புதுப் பாட்டு அது. ஏழு நிமிஷப் பாட்டை நாலு ஐம்பத்தைந்துக்கு ஆரம்பித்தது அன்பரசி செய்த தப்பு. அதற்கு முன்னால் பேச்சு நீண்டுவிட்டது. அடி விழுவதற்குச் சரியாக ஒரு மூச்சுக்கு முன்னால் கம்ப்யூட்டர் கடலுக்கு மாற்றிவிட்டது. அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார்.

எத்தனை நாளாகக் கேட்கிறீர்கள் என்று மெல்லக் கேட்டார். வேண்டாவுக்கு வருஷக் கணக்கு தெரியவில்லை, பாட்டுக் கணக்கு தெரிந்தது. மழைக்கு முன்னால் ஓடு மேல் தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒன்று, கிறிஸ்துமஸ் வாரம் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டின மாதிரி ஒன்று, சட்டைக் காலருக்கு ஒத்து வருகிற ஒன்று, புடவைக்கு மட்டுமே ஒத்து வருகிற ஒன்று. சொல்லிக்கொண்டே போனார். எல்லாமே ஒலிபரப்பானவை. அன்பரசி வேறு பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார். கரிப்புகை என்று சொன்னார்.

அந்தப் பாட்டு போனில் இருக்கிறது, இப்போதே போட்டுக் காட்டுகிறேன் என்று எடுத்தார். வேண்டா தடுத்துவிட்டார்.

"போன்ல வாணாம். அது நீ எனக்குக் காட்ற மாரி இருக்கும். ரேடியோல போடு. எப்ப வுழும்னு எனக்குத் தெரியக்கூடாது."

அங்கேயே நின்று தீனதயாளனைக் கூப்பிட்டு, போனை வேண்டாவிடம் கொடுத்தார் அன்பரசி. வேண்டா தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். புகார் பாட்டு மேலே இல்லை, மீதி கொடுக்காதது மேலே என்று விளக்கினார். அந்தப் பக்கம் நெடுநேரம் பேனா ஓடியது.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் தீனதயாளன் எழுந்து நின்று அந்தப் பதிவைப் படித்தார். ஒரு பக்கம் நிரம்பியிருந்தது. ஒரு சட்டை கருகியதை வைத்து ஒரு நிகழ்ச்சியைத் தொடர்வதா என்று ஓர் உறுப்பினர் கேட்டதற்கு, "வண்டி பாதி வழியில நின்னா, அடுத்த வண்டி விட்றதுதாங்க வழக்கம்" என்றாராம். நிகழ்ச்சி தப்பியது. ஐந்து மணி ஐந்து மணிதான் என்பதை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை நான்கு மணிக்கு அன்பரசி 'அன்பார்ந்த நேயர்களே'யைச் சொல்லவில்லை. "வேண்டாக்கா, பொட்டியை ஓரமா வையி" என்று மட்டும் சொல்லிவிட்டு, போலந்துக்காரனின் பாட்டை முதலிலிருந்து விட்டார். மைக்கை மூடினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தீனதயாளன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், பாட்டு அவசரமில்லாமல் நடந்தது. மூன்றாவதில் படியேறத் தொடங்கியது. ஏத்தம், அதன் மேல் இன்னொரு ஏத்தம். வழக்கமாக இந்த இடத்தில் அன்பரசி அடுத்த பாட்டின் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார். அன்று எதையும் தேடவில்லை. உச்சியில் போய்ச் சத்தமெல்லாம் சட்டென்று அடங்கியது.

அன்பரசி எழுந்து நின்று, நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளி, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.