குடம் போட்ட படம்

பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் பத்தாயிரம் வாலா சரம் வெடித்தபோது என் மகள் நஸ்ரின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது அவளுக்கு இரண்டேகால் வயது. ஆனால் அடுக்களையில் நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்த சத்தத்துக்கு ஓடி வந்தாள். சிவகாசியில் பிறந்த பிள்ளைக்கு வெடி பழகிவிட்டது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். எட்டு மாதம் அப்படியே போயிற்று. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மதுரையில் செவித்திறன் சோதனை (காது எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்பது) செய்தார்கள். செவிடாக இருக்கக் கூடாது என்று துஆ கேட்டபடி வெளியே உட்கார்ந்திருந்தேன்.

“காது நல்லா கேக்குதும்மா. இது ஆட்டிசம்” என்றார் டாக்டரம்மா. (மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, பேச்சும் பிறரோடு பழகுவதும் வேறு விதமாக வளரும்.)

“எப்ப பேசுவா டாக்டர்?”

“சொல்ல முடியாது. மொதல்ல தனக்கு வேணுங்கிறதக் கேட்டு வாங்கக் கத்துக்குடுங்க.”

செவிடாகவே இருந்திருக்கலாமே என்று அப்போது நினைத்தேன். ஆட்டிசம் என்ற சொல்லை எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. பிரவுசிங் சென்டரில் தேடினால் எல்லாம் இங்கிலீஷில் வந்தது. கதவு திறந்திருந்தால் நழுவிவிடுகிற பிள்ளை. தாகம் எடுத்தாலும் சொல்லத் தெரியாமல் எங்காவது சுருண்டு விழுந்துவிடுவாளோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

பேச்சுப் பயிற்சியாளர் வழி சொன்னார். பொருள் கண்ணில் பட வேண்டும், கைக்கு எட்டக் கூடாது. குழந்தை அதன் படத்தை நம் கையில் கொடுத்தால், பெயரை ஒருமுறை சொல்லி உடனே பொருளைக் கொடுத்துவிட வேண்டும். ‘இது என்ன, சொல்லு’ என்று நச்சரிக்கக் கூடாது. குழந்தை தானாகக் கேட்கும்வரை அவசரப்படாமல் மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் அச்சாபீசில் மெஷின் ஓட்டுகிறவர். “படத்துக்கா பஞ்சம், நம்மகிட்ட கொட்டிக் கெடக்கு” என்று தீப்பெட்டி லேபிள் கழிவுத் தாள்களை அள்ளி வந்தார். குடம் போட்ட லேபிள் தண்ணீருக்கு, பசு போட்டது பாலுக்கு. அட்டையில் ஒட்டிவிட்டு எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

நான்கு மாதம் அவள் கையைப் பிடித்துப் பழக்கினோம். ஒரு மத்தியானம் தானாகவே குடத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ‘தண்ணி’ என்று சொல்ல வாய் வராமல் அழுதேன்.

அடுத்த சித்திரையில் ஒரு நாள், மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினேன். கதவு திறந்து கிடந்தது. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்று தெரிந்தும் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். லோடு லாரிகள் போகிற ரோடு அது. அதன் முனையில் தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் ஊரில் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம்.

அதன் வாசலில் ஒரு பெண் நஸ்ரினை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“ஒங்க புள்ளையாம்மா? இப்பிடியா விட்டுட்டு இருப்பீக? தீப்பெட்டியத் தூக்கிட்டு வந்து எங்கிட்டயே நீட்டுது. மூணு தடவ புடுங்கிட்டேன், மறுபடி எடுக்குது. குச்சிய வாயில வேற வச்சிருச்சு!”

மகளின் கையைப் பார்த்தேன். தீப்பெட்டியின் மேல் குடம்.

“அக்கா, அவ தண்ணி கேக்கா.”

இரண்டு செம்பு குடித்தாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம், சொல்லிக்கொடுத்தபடியே, மூன்று முறை கேட்டிருக்கிறாள். தவறு எங்களுடையது.

அன்றே லேபிள்களைக் கிழித்தோம். ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டு, அவள் குடிக்கிற தம்ளரையே போட்டோ எடுத்து ஒட்டினோம். இதைப் படிக்கிற பெற்றோரே, நீங்கள் தேர்ந்தெடுக்கிற படம் வெளியே வேறு எதன் மேல் இருக்கிறது என்று ஒருமுறை யோசித்துவிடுங்கள்.

இப்போது நஸ்ரினுக்கு எட்டு வயது. “ண்ணி” என்று சொல்கிறாள். வேறு ஆறு சொற்களும் உண்டு. குக்கர் விசிலுக்கு நடுவிலும் தாழ்ப்பாள் அசைவது என் காதில் விழுகிறது. யார் எதிரில் வந்து நின்றாலும் மனம் தானாகப் பத்து எண்ணத் தொடங்குகிறது.

தம்ளர் படத்தைத் தெருவில் வீடு வீடாகக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். தீப்பெட்டி ஆபீஸ் அக்கா அதைத் தண்ணீர்ப் பானைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். ஆனால் உலகம் எங்கள் தெருவோடு முடிந்துவிடவில்லை. நான் இல்லாத ஒரு வெயில் நாளில் அவள் கை நீட்டும்போது, எதிரில் நிற்பவர் பத்து எண்ணுவாரா?