வைக்கோல் போருக்கு அடியில் போன குழாய்

என் கல்யாணப் பேச்சின்போது பெண் வீட்டார் நிலம் எவ்வளவு என்று கேட்கவில்லை. கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்றும் கேட்கவில்லை. கோயமுத்தூர் டவுனில் குடியிருந்த என் வருங்கால மாமனார் வெற்றிலையை நிதானமாக மடித்து வாயில் வைத்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏனுங்க, ஊட்டுல கக்கூஸ் இருக்குதுங்களா?"

என் அப்பாவின் கருத்தில், கூரைக்கடியில் அந்தக் காரியம் செய்பவர்கள் இரண்டே வகை: கைக்குழந்தைகள், படுத்த படுக்கையானவர்கள். ஆனாலும் ஜாதகம் பொருந்தியிருந்தது. "கட்டிப் போட்டாப் போச்சுங்க" என்றார், மாட்டுக் கட்டுத்தரையில் இன்னொரு முளைக்குச்சி அடிப்பது போல.

மாநில எல்லைகளை யார் யாரோ புதிதாக வரைந்துகொண்டிருந்த சமயம் அது. பாலக்காட்டுக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊர் எந்தப் பக்கம் விழும் என்று டீக்கடையில் தினமும் சண்டை. எனக்கு அதில் அக்கறையில்லை. வீட்டுப் பின்புறமான பொடக்காளியில் ஒரு குழாய் எந்தப் பக்கம் போகலாம் என்பதே எங்களுக்குத் தீராத எல்லைத் தகராறாக இருந்தது.

கக்கூஸிலிருந்து செப்டிக் டேங்குக்கு நேர்கோடு போட்டால் அது சனி மூலையின் வழியாகப் போகும். சனி மூலை என்றால் வடகிழக்கு. எங்கள் பக்கத்தில் அந்த மூலையில் தண்ணீர் இருக்கலாம், சாமி இருக்கலாம். நாங்கள் அனுப்பப்போகிற சரக்கு மட்டும் இருக்கக்கூடாது. அப்பா மறுத்துவிட்டார். எனவே குழாய் பாதி வழியில் திரும்பியது. திரும்பும் இடத்தில் செங்கல்லால் சிறு தொட்டி கட்டி, மேலே கல் மூடி போட்டோம். அங்கிருந்து கட்டுத்தரை ஓரமாக இருபதடி ஓடி டேங்கைச் சேர வேண்டும்.

அந்த இருபதடிக்கு நடுவில்தான் எங்கள் பழைய குப்பைக்குழி இருந்தது. இரண்டு வருஷம் முன்புதான் மூடியது. மேலே புல் முளைத்து, ஒன்றும் தெரியாதது போல இருந்தது.

நான் அப்போது பள்ளி வாத்தியார். பி.ஏ. படித்தவன். சுகாதாரப் பொறியியல் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்துவந்து, விரலை அதில் அடையாளம் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். "பத்தடிக்கு ரெண்டு அங்குலம் சாய்வு" என்று அடிக்கடி சொன்னேன். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்து வந்த மலையாளத்து மேஸ்திரி நூலைப் பிடித்துக் கட்டினார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "சாரே, இவிட எல்லாம் கெட்டி மண்ணல்லே?"

அது குப்பைக்குழி என்று எனக்குத் தெரியும். ஐந்து வயதில் அதற்குள் விழுந்து, இடுப்பு வரை புதைந்து எழுந்தவன் நான். ஆனால் அதைச் சொன்னால் வழி மாற வேண்டும். வழி மாற வேண்டுமானால் அப்பாவிடம் போய்ச் சனி மூலையைப் பற்றிப் பேச வேண்டும். அதைவிட, பொய் சொல்வது எளிது.

"கெட்டி மண்ணுதான்" என்றேன்.

தை மாதம் கல்யாணம். கக்கூஸ் வேலை செய்தது. ஊரில் பாதிப் பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார். மாசியில் அறுவடை முடிந்ததும் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. பொடக்காளியில் குழாயைப் புதைத்துப் புதிதாகச் சமன்படுத்திய வெற்றிடம், அதுவும் மாடுகளுக்குப் பக்கத்தில்! விவசாயியால் வெற்றிடத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கல் பரப்பி, அதன்மேல் வீட்டு உயரத்துக்கு வைக்கோல் போர் போட்டுவிட்டார். போர் அழகாக இருந்தது. நானும் சேர்ந்து மிதித்தேன்.

சித்திரையில் ஊற்றிய தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்கியது. வைகாசியில் யோசித்துவிட்டு இறங்கியது. ஆனியில் மழை தொடங்கியதும் இறங்குவதை விட்டுவிட்டு ஏறத் தொடங்கியது. ஒரு வாளி ஊற்றினால் ஒன்றரை வாளியாகத் திரும்பி வந்தது. அப்பா மருமகளைத்தான் குறைசொன்னார். "டவுனுப் புள்ள. தண்ணிய நெம்ப ஊத்துது."

முதல் ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். மாமனார் வந்து திண்பண்டக் கூடையை வைத்துவிட்டுக் காத்திருந்தார். என் மனைவி பெட்டியைப் பூட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஆவணி ஒண்ணாந்தேதி கூப்புட வருவீங்கல்ல?"

"வராம?"

"அதுக்குள்ள இதச் செரி பண்ணிருங்க. இல்லீன்னா வர வேண்டாமுங்க. வந்து வெறும் கையோட திரும்பிப் போனா உங்களுக்குத்தான் அசிங்கம்."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதனால்தான் சொன்னபடியே செய்வாள் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாளே மேஸ்திரியை அழைத்து வந்தேன். அவர் தொட்டியின் கல் மூடியைத் தூக்கினார். தேங்கியதை வாளியால் இறைத்தார். மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டுக் குத்தினார். பத்தடி போனதும் அது சொதசொதவென்று இறங்கியது. பிறகு டேங்குப் பக்கம் குழாய் வாயில் லாந்தரை ஏற்றி வைக்கச் சொன்னார்.

"கண்ணாடி உண்டோ சாரே?"

என் சவரக் கண்ணாடியைக் கொடுத்தேன். அதைத் தொட்டிக்குள் சாய்த்துப் பிடித்து என்னைக் குனியச் சொன்னார்.

"குழாய் நேரா இருந்தா வெளிச்சம் முழு வட்டமா தெரியும். இப்போ நோக்கு."

நகத்தை வெட்டிப் போட்டது போல ஒரு கீற்றுதான் தெரிந்தது. மீதியெல்லாம் இருட்டு.

"குழாய்க்கு வயறு சாடி, சாரே. நடுவுல தொங்கிப் போச்சு. அந்த வயத்துல தண்ணி நிக்கும், மத்ததெல்லாம் அடியில படியும். போரை மாத்தாம ஒண்ணும் செய்ய முடியாது."

அந்த வயதில் எனக்கே தொப்பை கிடையாது. குழாய் முந்திக்கொண்டது.

அப்பாவிடம் போனேன். "அப்பா, போர ஒரு பத்தடி அக்கட்டால நகுத்தோணுங்க."

"எதுக்கு?"

ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய நகரங்களில் சாக்கடை எப்படிக் கட்டினார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அப்பா பாதியில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார்.

"மழைல போரப் பிரிச்சா நனஞ்சு மக்கிப் போகும். அப்பறம் மாடு என்னத்தத் திங்கும்? உம்பட பொஸ்தகத்தயா?"

"அதில்லீங்கப்பா..."

"அம்மிணி ஆடி போனா தானா வரும். எல்லா ஊட்டுலயும் அப்படித்தான் வருது."

வராது என்று சொல்ல வாய் வரவில்லை. பெண்டாட்டி வேண்டும் என்று அப்பாவின் முன்னால் நின்று சொல்வது, எங்கள் வீட்டில் சனி மூலையில் குழாய் விடுவதைவிடப் பெரிய குற்றம். அதனால் மனைவிக்கு ஆறு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். பிரிவுத் துயரம், மழை, மேகம் எல்லாம் அதில் இருந்தன; குழாய் மட்டும் இல்லை. பதில் ஒரு கார்டில் வந்தது. "இங்கு அனைவரும் சுகம். மழை உண்டு. எங்கள் கக்கூஸ் நன்றாக இருக்கிறது."

ஆடிப் பதினெட்டு கழிந்தது. அடுத்த நாள் காலையில் கட்டுத்தரையிலிருந்து அப்பா கத்தினார். போனேன். எங்கள் மயிலைக் காளை, முன்னால் போட்ட வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்பா வேறொரு கை உருவிப் போட்டார். மறுபடியும் திருப்பியது. அப்பா அந்த வைக்கோலைத் தானே முகர்ந்தார். பிறகு அவரும் காளையைப் போலவே முகத்தைத் திருப்பினார்.

தொங்கிய குழாயின் மூட்டுகள் விட்டுப்போய், உள்ளே தேங்கியதெல்லாம் மழையோடு சேர்ந்து மேலே ஊறிப் போரின் அடியை நனைத்திருந்தது.

"அட கருமாந்தரமே! மாட்டுக்கு இதயா போட்டுட்டு இருந்தேன்? அந்த மேஸ்திரிய வெசயாக் கூட்டியாடா!"

என் மனைவி மூன்று மாதம் சொன்னாள். நான் ஐயாயிரம் வருஷ வரலாறு சொன்னேன். காளை ஒரே ஒரு தடவை மூக்கைத் திருப்பியது.

போரைப் பிரித்து வாசல் பக்கம் அடுக்கினோம். வீட்டுக்குள் போக வேண்டுமானால் பக்கவாட்டில் நுழைய வேண்டியதாயிற்று. மேஸ்திரி மண்ணைத் தோண்டினார். இரண்டடிக்குக் கீழே குழாய் நடுவில் நாலு விரல் இறங்கிக் கிடந்தது. அதன் அடியில் கறுப்பாக, அல்வா போல, பழைய குப்பை. மேஸ்திரி ஒரு கை அள்ளி என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இதாணோ சாரே கெட்டி மண்ணு?"

அப்பா எட்டிப் பார்த்தார். "இது நம்ம பழைய குப்பக்குழியாச்சே! இவன் அஞ்சு வயசுல இதுக்குள்ள உளுந்து எந்திரிச்சவனாச்சே! தெரிஞ்சும் என்னத்துக்குடா சொல்லுல?"

"நீங்கதான் சனி மூல வேண்டாம்னு..."

"சனி மூல வேண்டாம்னு சொன்னேன். குப்பக்குழி வேணும்னு சொன்னனா?"

மேஸ்திரியும் முழுக்க யோக்கியரல்ல. ஒவ்வொரு குழாய்த் துண்டின் முனைக்கும் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு நடுவை அந்தரத்தில் விட்டிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்தச் செங்கற்களைக் காலால் மெல்ல மண்ணுக்குள் தள்ளினார். பார்த்தேன். நான் எதையும் சொல்கிற நிலையில் இல்லை.

குப்பையையெல்லாம் வாரி எடுத்து, நிஜமான கெட்டி மண் வரும்வரை தோண்டினார்கள். அந்தக் குப்பையைத் தென்னைக்குப் போட அப்பா ஒரு கூடை விடாமல் எடுத்துக்கொண்டார். குழியில் செங்கல் ஜல்லியும் மணலும் அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு இடித்தார்கள். அதற்கு மேல் சுண்ணாம்புக் காரை. அதன்மேல் குழாய் முழுநீளமும் படியும்படி வைத்து, மூட்டு வரும் இடத்தில் மட்டும் சற்றுக் குடைந்துவிட்டார்கள். மூட்டுகளில் தார் தோய்த்த சணலைத் திணித்துச் சிமெண்ட் பூசினார்கள். நான் புத்தகத்தை எடுக்கவில்லை. கூடை சுமந்தேன்.

ஆவணி முதல் தேதி மனைவியை அழைத்து வந்தேன். மாமனாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. வைக்கோலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போகாமல், அவள் நேராகப் பொடக்காளிக்குப் போனாள். மேஸ்திரி தொட்டி மூடியைத் திறந்துவைத்திருந்தார். பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குந்தி, என் சவரக் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தாள்.

"வட்டமாத் தெரியுது" என்றாள். பிறகு உற்றுப் பார்த்தாள். "வெளிச்சத்துக்குப் பக்கத்துல ஒரு மீசையும் தெரியுதுங்."

இருபதடி தள்ளி, டேங்கு வாய்க்குள் தலையைத் தொங்கவிட்டு, லாந்தரைப் பிடித்தபடி அப்பா தரையோடு தரையாகப் படுத்திருந்தார்.

"என்ன அம்மிணி, செரியாத் தெரியுதா?" குழாய்க்குள்ளிருந்து குரல் வந்தது.

"தெரியுதுங் மாமா. ஆனா அடியில ஒரு நூலு தண்ணி நிக்குது."

ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். மாமனார் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

அவள் எழுந்து கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். "ஒரு நூலுதானுங்களே, பொறுத்துக்கறேன். ரெண்டு நூலாச்சுன்னா சொல்லுங்க, நானே பஸ் ஏறிக்கறேன்."

மாமனார் பெட்டியை இறக்கினார். அப்பா அந்த இடத்தில் அவரைக்கொடியைத் தவிர எதையும் ஏற்றவில்லை. நான் பல வருஷங்கள் மாதப் பிறப்பன்று முகம் மழித்த கையோடு, சோப்பு நுரை காயுமுன் அந்தக் கண்ணாடியையும் லாந்தரையும் எடுத்துக்கொண்டு பொடக்காளிக்குப் போய்க் குந்தினேன். ஒரு தடவை ஒன்றரை நூல் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.