எட்டாவது கிராஸ் ரெக்கார்ட்ஸும் ஒரு டம்ளர் மிளகுக் கஷாயமும்

எங்கள் மாமா ஒரு ரெக்கார்டு கம்பெனிக்கு முதலாளியாக இருந்தவர் என்று சொன்னால் என் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. சாட்சிக்கு என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது. அதைப் போட்டுக் காட்டுவதற்குத்தான் இப்போது யார் வீட்டிலும் டேப் ரெக்கார்டர் இல்லை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் ரிதம் பேட் வாசித்துக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் பெங்களூர் பிரிகேட் ரோட்டு நடைபாதையில் ஒரு அமெரிக்க ராப் கேசட் வாங்கி வந்தார். ஒரு மாதம் அதையே கேட்டார். நாடா தேய்ந்து, பாடியவருக்கே ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆனபிறகு, ஆர்கெஸ்ட்ரா வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். அங்கே அவனவன் தன் தெருவைப் பற்றித் தானே பாட்டுக் கட்டித் தானே கேசட் போடுகிறான், நம்ம பேட்டை நீலசந்திராவுக்கு என்ன குறைச்சல் என்பது அவர் கட்சி. பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் இருக்கிற ஒன்றை எந்த மடையன் வாங்குவான் என்பது அம்மாவின் கட்சி. அப்பா எந்தக் கட்சியிலும் சேராமல் பேப்பர் படித்தார்.

அம்மா கார்மெண்ட்ஸில் தையல் வேலைக்குப் போனவள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். ஆனால் தம்பி என்று வந்துவிட்டால் அந்தச் சட்டத்தில் ஓட்டை இருந்தது. மாடியில் ஷீட் போட்ட அறை மாமாவுக்குக் கிடைத்தது. முட்டைக் கடையில் கெஞ்சி வாங்கி வந்த அட்டைத் தட்டுகளை நானும் அவரும் சுவர் முழுக்க ஒட்டினோம். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க அதுதான் வழியாம். கதவில் எங்கள் தெருவின் பெயரிலேயே 'எட்டாவது கிராஸ் ரெக்கார்ட்ஸ்' என்று மாமாவே பெயிண்டில் எழுதினார். மழை வந்தால் கம்பெனிக்கு விடுமுறை, ஏனென்றால் ஷீட்டின்மேல் மழை தாளம் தப்பி வாசிக்கும்.

பாடுவதற்கு ஆள் எதிர்வீட்டிலேயே இருந்தார். ஆட்டோ ஓட்டும் அண்ணன். அவர் ஹாரன் அடித்து நான் பார்த்ததில்லை. தலையை வெளியே நீட்டி ஒரு அதட்டல் போட்டால் பஸ்ஸே ஒதுங்கும். அவ்வளவு கனமான குரல். பாட்டுக் கட்டுவதும் அவரே. ஆனால் கன்னடப் பள்ளியில் படித்தவர், தமிழ் எழுதத் தெரியாது. தமிழ்ப் பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டு வருவார். மாமாவுக்கோ கன்னடம் பேச வரும், படிக்க வராது. அதே கன்னடப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்த நான்தான் வாசித்துக் காட்டுவேன். அப்படித்தான் கம்பெனியின் எல்லாப் பாட்டும் எனக்கு மனப்பாடமானது.

முதல் கேசட்டின் முதல் பாட்டு எங்கள் தெருக்குழாயைப் பற்றியது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வந்ததும் யாராவது ஒருவர் கன்னடத்தில் 'நீரு பந்து' என்று கத்துவார்கள். தண்ணீர் வந்தாச்சு என்று அர்த்தம். தெருவே குடத்தோடு ஓடும். குடம் வைக்க முடியாதவர்கள் தங்கள் இடத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதிலிருந்துதான் சண்டை ஆரம்பிக்கும். அண்ணன் கட்டியது இப்படிப் போகும்:

நீரு பந்து, நீரு பந்து, கொடத்த எடு, கொடத்த எடு!
வரிசையில கல்லு வெச்சேன், என் எடத்த என்கிட்ட குடு!

பெங்களூரில் கணேசர் சதுர்த்தியோடு முடிந்துவிடுகிறவர் இல்லை. ஒவ்வொரு தெரு சங்கமும் தன் வசதிப்படி, மூன்று மாதம் வரைக்கும்கூட அவரை உட்கார வைக்கும். அத்தனை மேடையிலும் மைக் செட் ஓடும். அந்தப் பருவத்தைப் பிடிக்கவேண்டும் என்று மாமா கேசட் அட்டையை முன்கூட்டியே அச்சடித்துவிட்டார். அதில் அண்ணன் இரவல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தன் ஆட்டோமேல் சாய்ந்திருப்பார். ரெக்கார்டிங் அன்றைக்குப் பார்த்துக் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. பிரதி எடுக்கும் கடையில் மறுநாள் தேதி சொல்லியாயிற்று.

மாமா அசரவில்லை. தாளம் போடும் சின்னக் கீபோர்டுக்குப் புது பேட்டரி செல் போட்டார். டேப் ரெக்கார்டருக்குப் பழைய செல்லே போதும் என்று முடிவு செய்தார். தீர்ந்துபோன செல்லை வெயிலில் வைத்தால் இன்னும் கொஞ்சம் உயிர் பிடிக்கும் என்பது எங்கள் தெருவே நம்பிய சாஸ்திரம். மாடிச் சுவரின்மேல் வடாத்துக்குப் பக்கத்தில் செல்லும் காயும். அப்படிக் காய்ந்த ஆறு செல்லில் முழுக் கேசட்டையும் பதிவு செய்தார்கள். கரண்ட் வராததால் போட்டுக் கேட்கவும் முடியவில்லை. மாமா மறுநாள் விடிந்ததும் பஸ் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

ஒரு வாரத்தில் மூன்று பெட்டி நிறையக் கேசட் வந்து இறங்கியது. மாமா ஒன்றைப் பிரித்துக் கும்பிட்டுவிட்டுப் போட்டார். உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண் கிடுகிடுவென்று பாடினாள்.

அண்ணன் டேப் ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாஸ்டர், இது யாரு?"

உயிர் போகிற செல் நாடாவை மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் குரல் கீச்சென்று ஆகி, தாளமும் ஓட்டம் பிடிக்கும். மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். ஆட்டோ அண்ணன் மட்டும் ஒரு கேசட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "செஞ்சது செஞ்சாச்சு, விடு மாஸ்டர். ஆட்டோல போட்டுக்கினு சிரிக்கலாம்" என்று போய்விட்டார்.

அவர் ஆட்டோவில் ஏறியவர்கள் சிரித்தார்கள். இறங்கும்போது அந்தக் கேசட் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். பத்து நாளில் ஸ்டாண்டிலிருந்த எல்லா ஆட்டோவிலும் அது ஓடியது. பிறகு டீக்கடை, சலூன், கல்யாண ஊர்வலம். குழாயடியில் 'நீரு பந்து' என்று யார் கத்தினாலும் பத்துப் பேர் அடுத்த வரியைப் பாடினார்கள். பெட்டி மூன்றும் காலியாகி இன்னும் மூன்று வந்தது. அட்டையிலிருந்த ஆள் கம்பெனி முதலாளி என்றும், பாடியது யாரோ ஒரு பாப்பா என்றும் ஊர் தானாகவே முடிவுகட்டிக்கொண்டது. மாமா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். கணேசர் கடைசி நாள் ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவில் எங்கள் கம்பெனி மேடையேற வேண்டும் என்றார்கள். மாமா கம்பீரமாகத் தலையாட்டினார். போகும்போது தலைவர் திரும்பி, "பாப்பாவ மறக்காம கூட்டினு வாங்க" என்றார். மாமா அதற்கும் தலையாட்டிவிட்டார். உண்மையைச் சொல்ல அவருக்கு இன்னொரு தலை வேண்டியிருந்தது.

ஆட்டோ அண்ணனுக்கு அது பற்றி ஒரு கவலையும் இல்லை. மேடையில் தன் சொந்தக் குரலைக் கேட்டால் ஊர் பாப்பாவை மறந்துவிடும் என்றார். அதற்காகவே காத்திருந்தவர் அவர். அன்றைக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, கண்ணாடியைத் துடைத்து, எங்கள் எல்லாரையும் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, நீலசந்திராவிலிருந்து லிங்கராஜபுரம் வரை வழி முழுக்க முழுக் குரலில் பாடிக்கொண்டே வந்தார். சிக்னலில் நின்ற போலீஸ்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பந்தலில் சாயங்காலமே கூட்டம் நிரம்பிவிட்டது. முன்வரிசை முழுக்க என் வயதுப் பெண்கள். பின்னால் பெண்கள் நிஜமாகவே பிளாஸ்டிக் குடங்களோடு வந்திருந்தார்கள், தட்டுவதற்கு. "பாப்பா! பாப்பா!" என்ற கூச்சலில் ஆர்கெஸ்ட்ராக்காரர் பாடியதே கேட்கவில்லை. மேடைக்குப் பின்னால் மாமாவின் கையிலிருந்து ரிதம் பேட் குச்சி இரண்டு முறை கீழே விழுந்தது.

"இன்னிக்கி இவங்க சிரிச்சிட்டாங்கன்னா எட்டாவது கிராஸ் அவ்ளோதான்கா. நாளைக்கே கேசட் எல்லாம் திரும்பி வந்துரும்" என்றார் அம்மாவிடம். பழைய ஆர்கெஸ்ட்ராவிலும் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

ஆட்டோ அண்ணன் பந்தல் துணியை விலக்கிக் கூட்டத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். திரும்பி வந்தபோது தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"மாஸ்டர்... தொண்ட கட்டிக்கிச்சு."

மாமா அவரையே பார்த்தார். அண்ணன் அவரைப் பார்க்காமல் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, அதே காற்றுக் குரலில், "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே பாப்பா, நீ பாடு" என்றார். தலையிலிருந்த அந்த இரவல் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தார். அது என் காதுவரை இறங்கியது.

நான் அழுதேன். பயத்தில் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அம்மா, தன் மகள் மேடையேறுவதைத் தடுப்பாள் என்று பார்த்தால், அவளோ பந்தலுக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, முன்பின் தெரியாத ஒரு வீட்டு அடுப்பில் மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் போலும் என்று நினைத்தேன்.

மேடையில் முதல் வரியை நான் பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பது போல ஒப்பித்தேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. மாமா பேடில் ஓங்கி ஒரு அடி அடித்தார். என் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது. அடுத்த வரியை விட்ட இடத்திலிருந்து பிடித்தேன், பிறகு நிற்கவில்லை. 'நீரு பந்து' என்று நான் கத்தினால், 'கொடத்த எடு' என்று லிங்கராஜபுரமே கத்தியது. குடங்கள் அதிர்ந்தன. தொப்பி மூக்கில் விழுந்தது, தூக்கிக் கூட்டத்தில் எறிந்தேன், அதற்கு ஒரு கூச்சல். மூன்று முறை ஒன்ஸ் மோர் கேட்டார்கள், மூன்று முறையும் பாடினேன். அந்தச் சந்தோஷம் எனக்குப் பிறகு எந்தப் பரீட்சையிலும் எந்தச் சம்பள உயர்விலும் கிடைத்ததில்லை. தலைவர் என் கழுத்தில் போட்ட மாலை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அம்மா பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு, எம் பொண்ணுதாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன்பின் ஆறு வருடம் எட்டாவது கிராஸ் ரெக்கார்ட்ஸ் கொடிகட்டிப் பறந்தது. என் முகம் போட்ட அட்டையில் ஐந்து கேசட். ஓசூரில் பாடினேன், தங்கவயலில் பாடினேன், ஸ்ரீராமபுரத்தில் மழையில் நனைந்துகொண்டே பாடினேன். எழுதியது எல்லாம் ஆட்டோ அண்ணன். எனக்குப் பதின்மூன்று வயதில் குரல் கொஞ்சம் தடித்தபோது மாமா மறுபடியும் செல்லை வெயிலில் வைத்துப் பார்த்தார். சமாளித்தோம். அதற்குள் ஒரே தட்டில் நூறு பாட்டு வைக்கிற எம்பி3 வந்துவிட்டது. ஏழாவது கேசட்டை மாமா பிடிவாதமாக அண்ணனின் சொந்தக் குரலில் போட்டார், புது செல் போட்டு. கம்பெனி போட்டதிலேயே அதுதான் நல்ல கேசட். பெட்டியோடு திரும்பி வந்தது. காக்கை வராமலிருக்க அம்மா அந்த நாடாவை இழுத்து வடாத்தின்மேல் கட்டினாள். மாமா மைக் செட் வாடகைக்கு விட ஆரம்பித்தார், இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. ஒரு தெருவின் சண்டையை ஆறு வருடம் ஊர் முழுக்கப் பாட வைத்தவர் அவர். தோற்றுப்போனார் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். என்னிடம் இருப்பது அந்த ஏழாவது கேசட்தான்.

லிங்கராஜபுரத்திலிருந்து அன்று திரும்பியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆட்டோ மீட்டருக்கு என் மாலையைப் போட்டிருந்தோம். நான் அம்மா மடியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். பாலத்துக்குக் கீழே ஒரு டெம்போ குறுக்கே வந்து நின்றது. அண்ணன் தலையை வெளியே நீட்டி, "ஏய், சைடுக்கு ஹோகோ!" என்று, ஒதுங்கிப் போகச் சொல்லிக் கன்னடத்தில் ஒரு அதட்டல் போட்டார். டெம்போ பின்வாங்கியது. பாலம் இன்னொரு முறை அதைச் சொல்லிக்காட்டியது.

நான் துள்ளி எழுந்தேன். "அம்மா! உன் கஷாயம் வேலை செஞ்சிடுச்சும்மா!"

மாமா முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தார். அம்மா என்னை இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள். ஆட்டோ அண்ணன்தான் திரும்பாமலே, "ஆமா பாப்பா. கஷாயம்னா உங்கம்மா கஷாயந்தான்" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மேடைக்கு முன்பும், எனக்கும் ஒரு டம்ளர் மிளகுக் கஷாயம் வேண்டும் என்று அடம்பிடித்துக் கேட்டு வாங்கிக் குடித்தேன். அண்ணன் குடித்து மீந்ததாக இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்வேன். அவரும் ஒன்றுமே ஆகாத தன் தொண்டைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியை என்னிடம் கொடுப்பார்.